இன்சுலின் படிகத்தில் லிகண்ட் எங்கே? அறிகுறியை வைத்துப் பிழை கண்டுபிடிக்கும் வழி

மனித இன்சுலினோடு பீனாலோ, மெட்டா-கிரெசாலோ, மெத்தில் பாராபெனோ, செரோடோனினோ சேர்த்துப் படிகம் வளர்த்து, எக்ஸ்-கதிர் தரவும் எடுத்தாயிற்று. எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தைத் திறந்தால் லிகண்ட், அதாவது புரதத்தோடு பிணையும் சிறு மூலக்கூறு, இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அல்லது ஏதோ இருக்கிறது, ஆனால் நாம் போட்டதுதானா என்று சொல்ல முடியவில்லை. சில நேரம் அந்த இடம் வரை போவதற்கே தரவு விடுவதில்லை. இப்படி நின்றுகொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். மேலிருந்து கீழே படிக்கத் தேவையில்லை. அடுத்த பகுதியை மட்டும் படித்துவிட்டு உங்கள் அறிகுறிக்குத் தாவலாம்.

முதலில் ஹெக்ஸமரின் நிலை

இன்சுலின் சின்னப் புரதம். ஏ சங்கிலியில் 21, பி சங்கிலியில் 30, ஆக 51 அமினோ அமிலங்கள். நிறை 5808 டால்டன். இரண்டிரண்டாகச் சேர்ந்து டைமராகும். துத்தநாகம் இருந்தால் மூன்று டைமர்கள் சேர்ந்து ஹெக்ஸமர் ஆகும். ஹெக்ஸமரின் முச்சுழல் அச்சில் (120 டிகிரி திருப்பினால் அதே தோற்றம் தரும் அச்சு) இரண்டு துத்தநாக அயனிகள். ஒவ்வொன்றையும் மூன்று பி10 ஹிஸ்டிடின்கள் (பி சங்கிலியின் பத்தாவது அமினோ அமிலம்) பிடித்திருக்கும்.

பெரும்பாலான புரதங்களில் லிகண்ட் போய் அமரும் பை ஏற்கெனவே இருக்கும். இன்சுலினில் அப்படி இல்லை. ஹெக்ஸமரில் ஒவ்வொரு மூலக்கூறும் டி, ஆர் என்ற இரண்டு வடிவ நிலைகளில் ஒன்றில் இருக்கும். டி நிலையில் பி சங்கிலியின் முதல் எட்டு அமினோ அமிலங்கள் நீட்டி விரிந்து கிடக்கும். அப்போது பீனால் பை என்ற ஒன்றே கிடையாது. ஆர் நிலைக்கு மாறும்போது அந்த எட்டும் சுருண்டு, பி1 முதல் பி19 வரை ஒரே நீண்ட ஹெலிக்ஸ் ஆகிறது. பி1 பினைல்அலனின் 25 ஆங்ஸ்ட்ராமுக்கும் மேல் இடம் பெயர்கிறது. அந்தப் பெயர்ச்சியில்தான் இரண்டு டைமர்களுக்கு இடையே பை உருவாகிறது. ஆறும் டி என்றால் டி6, மூன்று மாறினால் டி3ஆர்3, ஆறும் மாறினால் ஆர்6. டி6-இல் பை இல்லை, டி3ஆர்3-இல் மூன்று, ஆர்6-இல் ஆறு.

அதனால் பையில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு முன்னால், பை உண்டா என்ற கேள்வி. அதற்குப் பதில் சொல்ல மூன்று சாட்சிகள் உண்டு. முதலாவது அலகுக்கூடு, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் பெட்டி: ரோம்போஹெட்ரல் (சாய்சதுர முகங்கள் கொண்ட) படிகத்தில் டி6 என்றால் ஏ அச்சு 82.5, சி அச்சு 34 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்கும். டி3ஆர்3-இல் ஏ 80.7, சி 37.6 என்று மாறும். இரண்டாவது, பி1 முதல் பி8 வரையிலான அடர்த்தி நீண்டிருக்கிறதா, சுருண்டிருக்கிறதா. மூன்றாவது துத்தநாகம்: டி பக்கத்தில் மூன்று ஹிஸ்டிடின், மூன்று தண்ணீர் என எண்முகி, ஆர் பக்கத்தில் மூன்று ஹிஸ்டிடின், ஒரு குளோரைடு என நான்முகி. டி3ஆர்3-இல் டி பக்கத்துத் துத்தநாகம் இரண்டு விதமாகவும் இருக்கலாம், அதனால் அதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். மற்றபடி மூன்று சாட்சியும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் லிகண்டைத் தொடவே தொடாதீர்கள். சிக்கல் வேறெங்கோ இருக்கிறது.

பெயர்க் குழப்பம் ஒன்றை இங்கேயே தீர்த்துக்கொள்வோம். ஆர்3 என்பது ஓர் இடக்குழுவின் (படிகத்தின் சமச்சீர் வகையின்) பெயரும்கூட. அறுகோண அச்சுகளில் எழுதும்போது புரோட்டீன் தரவு வங்கி அதை எச்3 என்கிறது. இந்தக் கட்டுரையில் இடக்குழுவை எச்3 என்றே சொல்கிறேன். ஆர்3 என்று வந்தால் அது மூன்று ஆர் நிலை மூலக்கூறுகளைக் குறிக்கும்.

துளியில் வெள்ளைக் கலங்கல், படிகம் இல்லை

பிஎச் மீட்டரை எடுங்கள். இன்சுலினின் சமமின்புள்ளி, அதாவது நிகர மின்னூட்டம் சுழியாகி அது எளிதில் திரளும் பிஎச், 5.3 பக்கம். 0.02 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தெளிவாகக் கரைந்திருந்த புரதத்தை நடுநிலைக்குக் கொண்டுவரும்போது அந்தப் புள்ளியைக் கடந்துதான் ஆக வேண்டும். மெதுவாகக் கடந்தால் வெள்ளையாகத் திரண்டு நின்றுவிடும். தாங்கல் கரைசலை வேகமாகச் சேர்த்துப் பிஎச் 6-க்கு மேலே கொண்டுபோய்விடுங்கள். மிச்சமிருக்கும் கலங்கலைக் கரைக்க இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி, அப்புறம் வேண்டிய இடத்துக்கு இறக்கலாம்.

பிஎச் சரியாக இருந்தும் பொடி பொடியாக ஏதோ மிதக்கிறதா? தாங்கல் பாஸ்பேட்டா என்று பாருங்கள். பாஸ்பேட்டும் துத்தநாகமும் சேர்ந்தால் கரையாத உப்பாக விழும். சிட்ரேட்டுக்கு மாறினால் இந்தத் தொல்லை போகும். ஆனால் சிட்ரேட் துத்தநாகத்தைத் தானும் பிடித்துக்கொள்ளும் என்பதால் துத்தநாகத்தைக் கணக்குக்கு மேல் கொஞ்சம் கூட்டியே போட வேண்டும். துத்தநாகம் போதவில்லை என்றால் ரோம்போஹெட்ரல் படிகம் வரவே வராது. ஏபெல் 1926-இல் இன்சுலினைப் படிகமாக்கிய பிறகும் அது ஏன் சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை என்று புரியாமல் இருந்தது. 1934-இல் ஸ்காட் துத்தநாகம்தான் காரணம் என்று காட்டிய பிறகே அந்தக் குழப்பம் தீர்ந்தது.

படிகம் அருமை, தரவு அருமை, பை காலி

அதிகம் பேர் வந்து நிற்கும் இடம் இது.

முதலில் மேலே சொன்ன மூன்று சாட்சிகள். சி அச்சு 34 என்று வந்திருந்தால் கையில் இருப்பது டி6. இதில் லிகண்டைத் தேடுவது வீண் வேலை, ஏனென்றால் பையே இல்லை. லிகண்ட் நிலையை மாற்றும் அளவுக்குச் சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

அளவைக் கணக்குப் போடுங்கள். மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் இன்சுலின் என்றால் ஏறக்குறைய 0.86 மில்லிமோலார். ஒரு மூலக்கூறுக்கு ஒரு பை என்று வைத்தாலே லிகண்டும் அதே 0.86 மில்லிமோலார் வேண்டும். அது கணக்கில் நிரப்ப மட்டுமே போதும். பீனால் வகை லிகண்டுகள் இறுக்கமாகப் பிடிப்பவை அல்ல. கரைசலில் தாராளமாக மிஞ்சி இருந்தால்தான் பை நிரம்பி நிற்கும். மருந்துக் குப்பியில் வரும் இன்சுலினைப் பாருங்கள்: புரதம் 0.6 மில்லிமோலார் அளவில் இருக்க, மெட்டா-கிரெசால் மில்லிலிட்டருக்கு 2.5 முதல் 3 மில்லிகிராம், அதாவது 25 மில்லிமோலார் சுமார். நாற்பது மடங்கு. கிருமி வளராமல் தடுக்கப் போட்ட பொருள்தான், ஆனால் ஹெக்ஸமரை ஆர் நிலையில் நிறுத்தி மருந்தைக் கெடாமல் காப்பதும் அதுவே.

உங்கள் லிகண்ட் அவ்வளவு கரையாது என்றால், எத்தனாலில் கரைத்துச் சேர்த்துப் பாருங்கள். துளியின் அடியிலோ ஓரத்திலோ லிகண்ட் தனியாகப் படிந்திருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்துவிடுங்கள். எழுதி வைத்த செறிவு ஒன்று, துளியில் உண்மையில் கரைந்திருக்கும் செறிவு இன்னொன்று. பீனால் ஆவியாகக் கூடியது என்பதும் நினைவில் இருக்கட்டும்: ஆவிப் பரவல் முறையில் துளியில் மட்டும் லிகண்டைப் போட்டு, கீழே உள்ள தேக்கக் கரைசலில் போடாவிட்டால், நாளாக ஆகத் துளியிலிருந்து அது வெளியேறிக்கொண்டே இருக்கும். இரண்டிலும் ஒரே அளவு போடுங்கள்.

சரி, சி அச்சு 37.6 வந்திருக்கிறது, பி1 முதல் பி8 வரை ஒரு பாதியில் சுருண்டிருக்கிறது, ஆனாலும் பை காலி என்றால்? இப்போது குளோரைடைச் சந்தேகப்படுங்கள். சோடியம் குளோரைடு 1 மோலார் அளவுக்குப் போனால், லிகண்ட் ஒன்றுமே இல்லாமல் இன்சுலின் டி3ஆர்3 ஆகிவிடும். பழைய இலக்கியத்தில் நான்கு துத்தநாக இன்சுலின் என்று வருவது இதுதான். தயோசயனேட்டும் இதே வேலையைச் செய்யும். ஆகவே ஆர் நிலை வந்துவிட்டது, லிகண்ட் பிடித்துவிட்டது என்று ஒரே மூச்சில் சொல்லக் கூடாது. எதிரயனி நிலையை மாற்றியது, பையில் தண்ணீர் உட்கார்ந்தது என்பதே நடந்திருக்கலாம். இதைப் பிரித்து அறிய ஒரு வழி, குளோரைடைக் கணிசமாகக் குறைத்து அதே லிகண்டோடு மறுபடி வளர்ப்பது. அப்போதும் ஆர் நிலை வந்தால் அது லிகண்டின் வேலை. லிகண்ட் இல்லாத துளி ஒன்றையும் பக்கத்திலேயே வைக்க மறக்க வேண்டாம். அந்த ஒரு கட்டுப்பாட்டுப் படிகம் பின்னால் பல விவாதங்களை முடித்துவைக்கும்.

பையில் அடர்த்தி இருக்கிறது, ஆனால் நம் மூலக்கூறா?

காலிப் பையைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் இங்கே ஆசை குறுக்கே வரும். நாம் போட்ட மூலக்கூறை அங்கே பொருத்திவிட வேண்டும் என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

புரதம் எங்கிருந்து வந்தது? மருந்துக் குப்பியிலிருந்து எடுத்திருந்தால் அதில் கிரெசாலோ பீனாலோ ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் மேலே பார்த்தபடி நாற்பது மடங்கு. பையில் தெரியும் அழகான ஆறணு வளையம் அந்தப் பாதுகாப்புப் பொருளின் வளையமாக இருக்கலாம். நன்றாக டயாலிசிஸ் செய்ய வேண்டும். இயன்றால் பாதுகாப்புப் பொருள் சேராத பொடியிலிருந்தே தொடங்குவது நல்லது.

அடுத்தது உறைகாப்புப் பொருள், அதாவது படிகத்தை உறையவைக்கும்போது பனிக்கட்டி உருவாகாமல் தடுக்கச் சேர்க்கும் கிளிசரால் போன்றது. 100 கெல்வினில் எடுத்த டி3ஆர்3 மனித இன்சுலின் அமைப்பு ஒன்று 2001-இல் வெளியானது. பீனால் பை இருக்கும் இடங்களில் அதில் தெரிந்தவை பாடம் புகட்டக் கூடியவை. ஒரு ஹெக்ஸமரின் பைகளில் தண்ணீரும் கிளிசராலும். இன்னொரு ஹெக்ஸமரின் பைகளில் துத்தநாகம்: பி10 ஹிஸ்டிடின் வேறு பக்கம் திரும்பி, பக்கத்து மூலக்கூறின் பி5 ஹிஸ்டிடினும் இரண்டு குளோரைடும் சேர்ந்து அந்தத் துத்தநாகத்தைப் பிடித்திருந்தன. ஒரே படிகம், ஒரே மாதிரியான பை, இரண்டு வேறு விருந்தாளிகள். ஆகவே அங்கே உருண்டையாக, 2எஃப்ஓ–எஃப்சி வரைபடத்தில் (தரவையும் மாடலையும் சேர்த்துக் கணக்கிடும் அடர்த்தி வரைபடம்) மிக உயரமாக ஒரு குமிழ் தெரிந்தால் வளையத்தைத் திணிக்கும் முன் துத்தநாகமா என்று பாருங்கள். நீளமாக வளைந்து, தட்டையாக இல்லாமல் தெரிந்தால் கிளிசரால்.

உண்மையான பீனால் வகை லிகண்டுக்கு ஒரு கையெழுத்து உண்டு. அதன் ஹைட்ராக்சில் ஏ6 சிஸ்டீனின் கார்பொனைல் ஆக்சிஜனுக்கு ஹைட்ரஜன் கொடுக்கும். ஏ11 சிஸ்டீனின் முதன்மைச் சங்கிலி நைட்ரஜனிடமிருந்து வாங்கும். இரண்டு தொலைவும் 2.6 முதல் 3.0 ஆங்ஸ்ட்ராம் அளவில் வர வேண்டும். வளையத்தை ஒட்டி, பக்கத்து டைமரிலிருந்து வரும் பி5 ஹிஸ்டிடின் நிற்கும். சுற்றிலும் ஏ10 ஐசோலூசின், ஏ16 லூசின், பி11 லூசின் என்று எண்ணெய்ப் பசையான சுவர். ஹைட்ராக்சில் இந்த இரண்டு பிணைப்பையும் போடாமல் வளையம் மட்டும் எங்கோ மிதந்தால் அந்தப் பொருத்தம் தவறு. பீனாலைத் தலைகீழாகப் பொருத்தினாலும் கணினி ஒத்துக்கொள்ளும், வேதியியல் ஒத்துக்கொள்ளாது.

வரைபடத்தை லிகண்ட் போடுவதற்கு முன்னால் எடுத்தீர்களா? ஒருமுறை மாடலுக்குள் போட்டுச் செம்மைப்படுத்திவிட்டால் (தரவோடு பொருந்தும்படி கணினியில் சரிசெய்துவிட்டால்), அடுத்து வரும் 2எஃப்ஓ–எஃப்சி வரைபடம் போட்டதையே திருப்பிக் காட்டும். லிகண்டை நீக்கி, அணு இடங்களைக் கொஞ்சம் அசைத்து, மறுபடி செம்மைப்படுத்தி, வித்தியாச வரைபடத்தை (தரவுக்கும் மாடலுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவது) 3 சிக்மாவில், அதாவது இரைச்சலின் மூன்று மடங்கு உயரத்தில், பாருங்கள். காலி இடத்தைக் கரைப்பானாக எண்ணும் கரைப்பான் முகமூடி அந்தப் பையை நிரப்பிவிடும் என்பதால், முகமூடியை அங்கே விலக்கி வைக்கும் போல்டர் வரைபடம் இந்த இடத்தில் கைகொடுக்கும். இதில் வளையம் தட்டையாகத் தெரிந்தால்தான் நம்புவேன்.

லிகண்ட் பாதிதான் தெரிகிறது

வளையம் தெளிவு, அதற்கு எதிர்முனையில் இருக்கும் குழு மங்கல். பாரா இடத்தில் பெரிய குழு தொங்கும் மூலக்கூறுகளில் இது இயல்பு. பை பீனாலுக்கும் கிரெசாலுக்கும் கச்சிதம். பாரா குழு நீளும்போது பி5 ஹிஸ்டிடின் வழியில் நிற்கிறது. ஆகவே லிகண்டைக் குறை சொல்லும் முன் பி5-ஐப் பாருங்கள். மூல மாடலிலிருந்து வந்த பழைய திருப்பத்திலேயே அது நின்றுகொண்டு, லிகண்ட் அடர்த்தியில் பாதியைத் தானே பிடித்துக்கொண்டிருக்கும். அதன் பக்கச் சங்கிலியை நீக்கிவிட்டு ஒரு சுற்றுச் செம்மைப்படுத்துங்கள். அது எங்கே நிற்க விரும்புகிறது என்று வரைபடமே சொல்லும். பாரசிட்டமால் மனித இன்சுலின் ஹெக்ஸமரில் பிடித்திருக்கும் அமைப்பு 1994-லேயே வெளியானது. பாரா இடத்தில் நீண்ட குழுவோடு போராடுபவர்கள் அதை (புரோட்டீன் தரவு வங்கிக் குறியீடு 1TYL) பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒப்பிடுவது உதவும்.

பி5-உம் சரி என்றால், நிரம்பல் அளவு, அதாவது எத்தனை பங்கு பைகளில் லிகண்ட் இருக்கிறது என்பது. லிகண்டை முழுதாக நிரப்பி வைத்துவிட்டு, அதன் பி-காரணி (அணுவின் அடர்த்தி எவ்வளவு பரவியிருக்கிறது என்ற அளவு) சுற்றியுள்ள அணுக்களைவிட இரு மடங்கு ஏறியிருந்தால் பல பைகளில் அது இல்லை என்று பொருள். நிரம்பலைக் குறைத்து, காலியாக உள்ள மீதிப் பைகளில் இருக்கும் தண்ணீரையும் மாற்று நிலையாகப் போடுங்கள். எச்3-இல் ஆர்6 என்றால் சமச்சீரற்ற அலகில் (சமச்சீரால் திரும்ப வராத தனித்த பகுதி) இரண்டு பை. இரண்டும் ஒரே அளவு நிரம்பியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. தனித்தனியாகச் செம்மைப்படுத்துங்கள்.

துளி பழுப்பாகிறது

லிகண்ட் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. டோபமின் காரப் பக்கம் போனால் வேகமாகக் கறுக்கும். செரோடோனினும் காற்றிலும் வெளிச்சத்திலும் கெடும். புதிதாகக் கரையுங்கள், இருட்டில் வையுங்கள், பிஎச்சை முடிந்தவரை கீழே வையுங்கள். பழுப்பான துளியின் படிகத்தில் தரவு எடுக்கலாம், ஆனால் பையில் என்ன இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. செரோடோனினும் டோபமினும் இந்தப் பைகளில் அமரக் கூடியவை என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்சுலின் சேமிக்கப்படும் பீட்டா செல் துகள்களிலேயே செரோடோனின் இருக்கிறது என்பதால் இந்தக் கேள்வி வெறும் படிகக் கேள்வி அல்ல, உயிரியல் கேள்வி. அதற்காகவாவது இந்த லிகண்டுகளில் அவசரம் காட்டாதீர்கள்.

ஊறவைத்ததும் படிகம் வெடிக்கிறது

டி6 படிகத்தை லிகண்ட் கரைசலில் போட்டீர்கள் என்றால் படிகத்துக்குள் மூலக்கூறுகளின் பி1 முனையை 25 ஆங்ஸ்ட்ராம் நகரச் சொல்கிறீர்கள். அலகுக்கூடும் மாற வேண்டும்: ஏ குறுக வேண்டும், சி நீள வேண்டும். வெடிப்பதில் வியப்பில்லை. அதே நேரம் முடியாத காரியமும் அல்ல. டி6 படிகம் உப்புக் கரைசலில் படிகமாகவே நின்று நான்கு துத்தநாக வடிவத்துக்கு மாறும் என்று 1978-இல் காட்டியிருக்கிறார்கள். இன்னொன்று, ரோம்போஹெட்ரல் படிகத்தில் கரைப்பான் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். வழிகள் குறுகல், லிகண்ட் உள்ளே போக நேரம் எடுக்கும்.

என் தேர்வு எப்போதும் சேர்த்தே வளர்ப்பது. அது முடியாதபோது, பீனாலோடு ஆர் நிலையிலேயே வளர்ந்த படிகத்தை எடுத்து உங்கள் லிகண்ட் கரைசலுக்குப் படிப்படியாக மாற்றுங்கள். நிலை ஏற்கெனவே மாறியிருப்பதால் இங்கே நடக்க வேண்டியது ஆள் மாற்றம் மட்டும். பழைய பீனால் முழுதாக வெளியேறியதா என்பதை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

உறையவைத்ததும் சி அச்சு இரு மடங்கு

அறை வெப்பத்தில் 37 அளவில் இருந்த சி அச்சு, 100 கெல்வினில் அதன் இரட்டிப்பாக வருகிறது. பழைய கூட்டில் குறியிட்டால் (விலகல் புள்ளிகளுக்கு எண் கொடுத்தால்) இடையிடையே விளக்கம் இல்லாத மங்கலான புள்ளிகள் மிஞ்சுகின்றன. கருவியைக் குறை சொல்ல வேண்டாம். டி3ஆர்3 மனித இன்சுலினில் இது தெரிந்த கட்ட மாற்றம். சமச்சீரற்ற அலகில் ஒன்றுக்குப் பதில் இரண்டு டைமர்கள் வரும். அறை வெப்ப அமைப்போடு ஒப்பிட்டால் ஒன்று சி அச்சைச் சுற்றி ஒரு பக்கம் 5 டிகிரி, மற்றொன்று எதிர்ப் பக்கம் 4 டிகிரி திரும்பியிருக்கும். குளிர் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது: 2000-இல் இதே வடிவத்தின் பொடியிலிருந்து அமைப்பைத் தீர்த்தபோது, படிகத்தை அரைத்ததே போதுமாக இருந்தது, சி அச்சு 73 ஆங்ஸ்ட்ராம் ஆகிவிட்டது. எக்ஸ்-கதிர்ப் பொடி விளிம்பு விலகலிலிருந்து தீர்க்கப்பட்ட முதல் புதிய புரத அமைப்பு அது. 

செய்ய வேண்டியது எளிது. மங்கலான புள்ளிகளைத் தள்ளிவிடாதீர்கள். பெரிய கூட்டிலேயே குறியிட்டு, இரண்டு டைமரைத் தேடுங்கள். தள்ளிவிட்டுச் சின்னக் கூட்டில் தீர்த்தால் இரண்டு டைமரின் சராசரிதான் கிடைக்கும். அப்போது ஒரு பையில் கிளிசராலும் இன்னொன்றில் துத்தநாகமும் இருந்தால், ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து எந்த மூலக்கூறோடும் பொருந்தாத குழம்பிய அடர்த்தி தெரியும். பையில் விளங்காத அடர்த்தி என்று தவிப்பவர்களில் சிலருக்கு உண்மையான சிக்கல் இதுவே.

எல்லாம் பொருந்துகிறது, ஆர்-காரணி மட்டும் இறங்கவில்லை

ஆர்-காரணி, அதாவது மாடலுக்கும் தரவுக்கும் உள்ள முரண்பாட்டின் அளவு, 1.8 ஆங்ஸ்ட்ராம் தரவில் 0.28-இல் முட்டிக்கொண்டு நிற்கிறதா? இரட்டைப் படிகமாதலைச் சோதியுங்கள். எச்3-இன் சமச்சீரைவிட அதன் லாட்டிஸின் (கூடுகள் அடுக்கப்பட்ட புள்ளிக் கட்டத்தின்) சமச்சீர் உயர்ந்தது. ஆகவே இரண்டு படிகங்கள் தலைகீழாக ஒட்டி வளர்ந்தாலும் புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக விழும், கண்ணுக்குத் தெரியாது. இதைக் காட்டிக்கொடுக்கும் புள்ளியியல் சோதனையான எல் சோதனையில் சராசரி 0.5 என்றால் நிம்மதி; 0.375-ஐ நெருங்கினால் முழு இரட்டை. புள்ளிகளின் பிரகாசத்தின் இரண்டாம் திருப்புத்திறன் 2.0-க்குப் பதில் 1.5 பக்கம் வந்தாலும் அதே செய்தி.

இங்கே இன்சுலினுக்கே உரிய ஒரு பொறி உண்டு. டைமருக்குள் இருக்கும் போலி இருசுழல் அச்சு முச்சுழல் அச்சுக்குச் செங்குத்தாக நிற்கிறது. அதனால் டி6-உம் ஆர்6-உம் இரட்டையாகாமலே, எச்3-ஓடு இருசுழல் அச்சும் சேர்ந்த இடக்குழுவான எச்32 போல நடிக்கும். மென்பொருள் உயர்ந்த சமச்சீரைப் பரிந்துரைத்தால் உடனே ஏற்காதீர்கள். டி3ஆர்3 என்றால் கேள்வியே இல்லை: ஒரு பாதி டி, மறு பாதி ஆர் என்று இருக்கும்போது அங்கே உண்மையான இருசுழல் அச்சு இருக்க முடியாது. டி3ஆர்3-இன் கூட்டளவோடு எச்32 பொருந்துகிறது என்று வந்தால் இரட்டைப் படிகத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

பல படிகங்களின் தரவைச் சேர்க்கிறீர்களா? எச்3-இல் ஒரே படிகத்தை இரண்டு விதமாகக் குறியிடலாம், இரண்டும் தனித்தனியே சரி. ஒன்றை இப்படியும் மற்றதை அப்படியும் குறியிட்டுச் சேர்த்தால் நாமே கையால் ஓர் இரட்டைப் படிகத்தைச் செய்துவிடுகிறோம். சேர்க்கும் முன் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, ஒத்துவராததை மறுகுறியிடுங்கள்.

பி சங்கிலியின் தொடக்கத்தில் சிவப்பும் பச்சையும்

மூலக்கூறு இடமாற்று முறையில் (தெரிந்த அமைப்பை மாடலாக வைத்துப் புதியதைத் தீர்க்கும் முறை) டி6 மாடலை வைத்துத் தீர்த்திருக்கிறீர்கள். மீதி புரதம் எல்லா நிலையிலும் ஏறக்குறைய ஒன்று என்பதால் தீர்வு எளிதாகக் கிடைத்துவிடும். பி1–பி8 மட்டும் தவறான இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். வித்தியாச வரைபடத்தில் நீட்டிய சங்கிலியின் மேல் சிவப்பு (மாடலில் மிகை), பக்கத்தில் சுருளாகப் பச்சை (மாடலில் விடுபட்டது). தேடும் மாடலில் பி1 முதல் பி8 வரை வெட்டிவிட்டே தேடுங்கள், அப்புறம் வரைபடம் காட்டியபடி கட்டுங்கள். நிலைக்கேற்ற மாடலே வேண்டும் என்றால் மனித இன்சுலினிலேயே கிடைக்கும்: டி6-க்கு 1எம்எஸ்ஓ, டி3ஆர்3-க்கு 1டிஆர்இசட் (1TRZ), மெட்டா-கிரெசாலோடு ஆர்6-க்கு 1ஈவி3. பன்றி இன்சுலின் அமைப்பான 4ஐஎன்எஸ்ஸும் நல்ல மாடல்தான், பி30 அலனினைத் திரியோனின் ஆக்கினால் போதும். மாட்டு இன்சுலினை எடுத்தால் ஏ8, ஏ10, பி30 மூன்றையும் மாற்ற வேண்டும். அதில் ஏ10 பையின் சுவரிலேயே இருக்கிறது, விட்டுவிடக் கூடாது.

ஆர் பக்கத்தில் பி4-இலிருந்து சுருள் தெளிவாகவும் பி1 முதல் பி3 வரை பிரிந்தும் தெரிந்தால் பதற வேண்டாம். டி3ஆர்3-இல் அது வழக்கமான தோற்றம். ஆர் எஃப் நிலை என்று அதற்குப் பெயரே உண்டு. பி29, பி30 அடர்த்தி இல்லாமல் போவதும் இயல்பு. இல்லாத அடர்த்தியில் அணுக்களைக் கட்டாதீர்கள்.

துத்தநாகத்தின் மேல் பெரிய குழி அல்லது பெரிய மலை

துத்தநாகமும் குளோரைடும் முச்சுழல் அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு சமச்சீர்ப் பிரதிக்கும் மூன்றில் ஒரு பங்குதான் சேரும். சில நிரல்களில் நிரம்பலை 0.33 என்று கையால் எழுத வேண்டும், சில தாமாகவே பார்த்துக்கொள்ளும். உங்கள் நிரல் எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள். இரு முறை கணக்கிட்டால் குழி அல்லது மலை, மூன்று மடங்கு அளவுக்கு. அணு அச்சைவிட்டுச் சற்று விலகிப்போய் தன் பிரதிகளோடு முட்டிக்கொள்வதும் இங்கே நடக்கும். அதை அச்சிலேயே நிறுத்திவையுங்கள். எண்முகித் துத்தநாகத்தின் மூன்று தண்ணீரும் எச்3-இல் ஒரே தண்ணீரின் பிரதிகள். அது அச்சில் இல்லை, ஆகவே முழு நிரம்பல்.

துத்தநாகமா குளோரைடா என்று ஐயம் வந்தால், தாமிரக் கதிரின் முரண் சிதறல் வரைபடத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்த அலைநீளத்தில் துத்தநாகம் 0.68, குளோரின் 0.70, கந்தகம் 0.56 எலக்ட்ரான், மூன்றும் ஒன்று போலத் தெரியும். சின்க்ரோட்ரானில் 9.66 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள துத்தநாக உறிஞ்சல் விளிம்புக்குச் சற்று மேலே ஒரு தரவும் கீழே ஒரு தரவும் எடுங்கள். மேலே மட்டும் எழுந்து, கீழே அமிழ்ந்தால் அது துத்தநாகம். தொலைவும் உதவும்: ஹிஸ்டிடின் நைட்ரஜனுக்கு 2.0 முதல் 2.1, குளோரைடுக்கு 2.2 ஆங்ஸ்ட்ராம் சுமார்.

கனசதுரப் படிகம் வந்துவிட்டது

கூடு மூன்று பக்கமும் 78–79 ஆங்ஸ்ட்ராம், இடக்குழு ஐ213. துத்தநாகம் இல்லாத இன்சுலின் இப்படித்தான் வளரும். உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ எங்கோ கலந்திருக்கிறது, அல்லது பிஎச் 9-க்கு மேலே போயிருக்கிறது. ஹெக்ஸமர் இல்லை, ஆகவே பீனால் பையும் இல்லை. ஆனால் தூக்கிப் போடும் முன் ஒன்று. இந்தப் படிகத்தில் கரைப்பான் மூன்றில் இரண்டு பங்கு, லிகண்ட் தாராளமாக உள்ளே போகும். டைமரின் இருசுழல் அச்சருகே ஒரு குழிவு இருக்கிறது, அதில் டைகுளோரோஈத்தேன் போன்ற சிறிய மூலக்கூறுகள் பிடிப்பதை 1990-களில் காட்டியிருக்கிறார்கள். உங்கள் கேள்வி ஹெக்ஸமரைப் பற்றியது என்றால் துத்தநாகத்தைச் சேர்த்து மறுபடி தொடங்குங்கள். டைமர் இடைமுகத்தைப் பற்றியது என்றால் கையில் இருக்கும் படிகமே போதும். குழிவில் உள்ள அடர்த்திக்கு இருசுழல் அச்சின் சமச்சீரும் சேர்ந்துகொள்ளும் என்பதை மட்டும் லிகண்டைப் பொருத்தும்போது கணக்கில் வையுங்கள்.